நாலாம் கோடு

என் கணவரின் முகத்தில் மூன்று கோடுகள் இருக்கின்றன. இடது கன்னத்தில் இரண்டு. நெற்றியிலிருந்து புருவத்தை அறுத்துக்கொண்டு இறங்கும் ஒன்று. கீறியவர்கள் வேறு ஆட்கள். ஆறவிடாமல் பார்த்துக்கொண்டவள் நான்.

எங்கள் காலத்தில் ஒரு காயத்தை ஆறவிடாமல் வைத்திருப்பது லேசான காரியமில்லை. ஊர்களும் ஆஸ்பத்திரிகளும் இருந்த காலத்தில் யாரோ படித்தவர்கள் மனித ரத்தத்துக்குள் ஆற்றியை விட்டுவிட்டுப் போனார்கள். கண்ணுக்குத் தெரியாத பொடி உயிர். தாயிடமிருந்து பிள்ளைக்கு வந்துவிடும். அரிவாள் வெட்டு ஒரு ராத்திரியில் மூடிக்கொள்ளும். மறுநாள் எங்கே வெட்டுப்பட்டது என்று பட்டவருக்கே தெரியாது. போர் வீரர்களுக்காகச் செய்ததாம் அது. அவர்கள் காப்பாற்ற நினைத்த எல்லாம் போய்விட்டது. ஆற்றி மட்டும் இன்றைக்கும் ஒரு குறையுமில்லாமல் வேலை செய்கிறது.

தழும்பே விழாத உடம்பில் ஒரு தழும்பு இருந்தால் அதற்கு எவ்வளவு மதிப்பு இருக்கும்? எங்கள் கூட்டத்தில் வேறு எதற்கும் மதிப்பு கிடையாது.

செம்மணல் மேடுகளான தேரி கடலோரத்திலிருந்து மலையடிவாரம் வரைக்கும் பரவிவிட்ட பிறகு, ஓரிடத்தில் நிற்பவர்கள் என்று யாரும் இல்லை. சூரியத் தகடு வேய்ந்த கூண்டு வண்டிகளில் ஆடுகளோடும் அரிவாள்களோடும் நாங்கள் சுற்றிக்கொண்டிருக்கிறோம். எங்களுக்கும் பனங்காட்டாருக்கும் செஞ்சுனைத் தண்ணீருக்காகச் சண்டை. என் அம்மா காலத்திலும் இதே சண்டைதான். தலையே போனாலொழிய வெட்டுப்பட்டவர்கள் மறுநாள் முழுசாக எழுந்து வந்து நிற்பதால் அது முடிவதற்கு வழியே இல்லை.

கோடு இல்லாதவர்கள் வெறுமூஞ்சிகள். சபையில் வாய் திறக்கக் கூடாது. இரண்டாம் பந்தியில்தான் சாப்பாடு. கோடு விழ விழப் பெயரே மாறிவிடும். என் கணவரின் பெயர் சொரிமுத்து என்பது எனக்கும் அவர் அம்மாவுக்கும்தான் ஞாபகமிருக்கிறது. மற்றவர்களுக்கு அவர் மூணுகோட்டார். கூட்டத்தின் தலைவர் அஞ்சுகோட்டார். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் என்ன என்று கேட்டால் அவரே யோசிக்க வேண்டியிருக்கும்.

நான் பதினாறு வயதிலிருந்து சண்டைக்குப் போகிறேன். வயிற்றிலும் தோளிலும் முகத்திலும் வாங்காத வெட்டு இல்லை. எல்லாம் விடிவதற்குள் ஆறிவிட்டது. நான் வெறுமூஞ்சி. ஒரு வண்டிக்கு ஒரு முகத்தில்தான் கோடு கீறலாம் என்பது எங்கள் மரபு. கீறியவரின் காயத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டுமே. எங்கள் வண்டியில் அந்த ஆள் நான்.

கீறிய நாளிலிருந்து ஒரு நிலவு முழுக்க, தினமும் விடியலில், மூடிவரும் தோலைப் பெருவிரல் நகத்தால் பிளந்து அதற்குள் முறிப்பானைத் தடவ வேண்டும். முறிப்பான் ஒரு கருப்பு மருந்து. அந்த இடத்தில் ஆற்றியை மயக்கிப் போடும். இதற்காக எங்கள் பெண்கள் வலது பெருவிரலில் மட்டும் நகம் வளர்த்திருப்பார்கள். பிளக்கும்போது ஆண் கத்தக் கூடாது. சிரிக்க வேண்டும். வாய்விட்டு, பக்கத்து வண்டிக்குக் கேட்கிற மாதிரி. விடியற்காலையில் யாராவது புதிதாக எங்கள் முகாம் பக்கம் வந்தால், இவ்வளவு சந்தோஷமான ஜனங்கள் பூமியில் உண்டா என்று நினைப்பார்கள். அஞ்சுகோட்டாரின் சிரிப்புதான் இருப்பதிலேயே அருமையானது. அவருடைய ஐந்தாம் கோடு மற்றவர்களுடையதைப் போல ஒரு நிலவில் அடங்குவதில்லையாம், அதனால் ஆண்டு முழுக்கத் திறக்க வேண்டுமாம். ஒவ்வொரு விடியலிலும் அடிவயிற்றிலிருந்து கிளம்பி, அடக்கமுடியாமல் துள்ளி வரும் அந்தச் சிரிப்பைக் காட்டி அம்மாக்கள் பிள்ளைகளிடம் சொல்வார்கள்: “அதுதாம்ல வீரம்.”

ஆறுவது எங்களுக்கு ஆகாத சொல். எங்களிடம் சோறு ஆறாது, சூடுதான் இறங்கும். கோபம் ஆறாது. சாவு விழுந்த வண்டிக்குப் போய் யாரும் ஆறுதல் சொல்லமாட்டோம். சொன்னால் வெட்டு விழும். “ஆறிப்போவ” என்பதுதான் எங்களிடம் இருக்கும் மிகக் கெட்ட வசவு.

என்னைப் பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும். அவருடைய மூன்று நிலவுக் காலங்களிலும் நான் அந்த வேலையைப் பக்தியோடு செய்தேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் யோசித்தேன். ஒவ்வொரு விடியலிலும் அவரை நோகச் செய்ய எனக்கு அனுமதி இருந்தது. முந்தின நாள் என் சமையலைப் பற்றி அவர் சொன்னது, என் அண்ணனைப் பற்றி அவர் சொன்னது, நான் வெட்டிய ஆளைத் தான் வெட்டியதாகச் சபையில் அவர் சொன்னது, எல்லாம் நகத்தின் நுனிக்கு வந்துவிடும். அவர் சிரிப்பார். நானும் சிரிப்பேன். எங்களைப் போல ஒற்றுமையான தம்பதி கிடையாது என்று எல்லோரும் சொன்னார்கள்.

அடுத்த முழுநிலவில் அவருக்கு நாலாம் கோடு என்று சபையில் முடிவானது. முழுநிலவுக்குச் சில நாட்களுக்கு முன் அவர் காலில் ஓர் உடைமரத்து முள் குத்தியது.

முள் குத்துவது எங்களுக்கு ஒரு செய்தியே இல்லை. பிடுங்கி எறிந்துவிட்டு நடப்போம். ஆனால் அவர் நடை மாறியிருந்தது.

“ஏன் நொண்டுதிய?”

“யாரு நொண்டுதா? நாலுகோட்டார் ஆகப்போறேன்லா, அதான் நடையில ஒரு கம்பீரம்.”

“கம்பீரம் ஒத்தக் கால்லதான் வருமோ? காட்டுங்க.”

காட்டமாட்டேன் என்றார். தூங்கும்போது பார்த்தேன். குதிகால் சிவந்து வீங்கி, முள் குத்திய இடம் மூடாமல் இருந்தது. அழுத்தியபோது உள்ளிருந்து மஞ்சளாக ஒன்று வந்தது. ரத்தமில்லை. நீருமில்லை. கெட்ட வாடை. நான் எத்தனையோ உடம்புகளைத் திறந்து பார்த்தவள். அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. அதை என்னவென்று சொல்வது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

சபையில் கேட்க எனக்கு வாய் கிடையாது. மறுநாள் உச்சி வெயிலில், ஆண்கள் நிழலுக்குள் ஒதுங்கிய நேரத்தில், அஞ்சுகோட்டாரின் வண்டிக்குப் போனேன். அவர் மனைவி முப்பிடாதி பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தாள். அந்த வண்டிக்குள் எங்கு பார்த்தாலும் பஞ்சுமெத்தை. சுவரில் மெத்தை, படியில் மெத்தை. அஞ்சுகோட்டார் கையிலும் காலிலும் ஆட்டுத்தோல் உறை மாட்டிக்கொண்டு நடுவில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். தலைவருக்கு இருக்கும் சொகுசு என்று முன்பெல்லாம் நினைத்திருக்கிறேன்.

“மைனி, எங்க வீட்டுக்காரவுக கால்ல முள்ளு குத்திட்டு. மூடமாட்டேங்கு. மஞ்சளா என்னமோ வருது.”

முப்பிடாதியின் கை நின்றது.

“யாருகிட்டயாவது சொன்னியாட்டி?”

“இல்ல.”

“சொல்லிராத. அதுக்குப் பேரு சீழு.”

“அப்பிடி ஒரு சொல்லு இருக்கா?”

“பழைய சொல்லு. நாலு கோட்டுக்கு மேல உள்ள வண்டியிலதான் புழங்கும். உக்காரு. அந்த மெத்தையில உக்காராத, அவுக பொரண்டு வருவாவ.”

உட்கார்ந்தேன்.

“முறிப்பான் கன்னத்தோட நின்னுரும்னா நினைச்சுக்கிட்டிருக்க? ரத்தத்துல ஏறும்ட்டி. முத கோட்டுல ஆத்தி கொஞ்சம் சொணங்கும். ரெண்டுல பாதி போயிரும். மூணாவதுல மொத்தமா செத்துரும். அதுக்குப் பொறவு அந்த ஆம்பளைக்கு ஒரு முள்ளு போதும்.”

“அப்ப நாலாம் கோடு?”

“கீறுனா ஆறாது. நீ நகமே வைக்க வேண்டாம், தானாவே திறந்து கெடக்கும். முகம் வீங்கும், காய்ச்சல் வரும், நாலஞ்சு நாள்ல ஆளு போயிரும்.”

“போன தடவ நாலாம் கோடு வாங்குன மந்திரமூர்த்தி அண்ணாச்சி, சுனைச் சண்டையில செத்தாவன்னு…”

“வண்டிக்குள்ள செத்தாரு. நல்ல மனுசன். நெசமாத்தான் கீறணும்னு ஒத்தக் கால்ல நின்னாரு.”

நெசமாத்தான் என்ற சொல் எனக்குள் மெதுவாக இறங்கியது. குறட்டை விடும் மனிதரின் முகத்தைப் பார்த்தேன். ஐந்து கோடுகள். முப்பிடாதி எச்சில் தொட்ட விரலை நீட்டி, அவருடைய தாடையோரக் கோட்டின் நுனியை லேசாகத் தேய்த்தாள். கோடு உரிந்து அவள் விரலில் ஒட்டிக்கொண்டது.

“கருவேலம்பிசின், கொஞ்சம் கரி. நாலும் அஞ்சும் நான் வரையுததுதான். அணில்வால் மசுருல ஒரு தூரிகை வச்சிருக்கேன். தெனமும் விடியுததுக்கு முந்தி புதுசா இழுக்கணும்.”

“ஆனா மைனி, அண்ணாச்சி அந்தச் சிரிப்பு சிரிக்காவளே! கூட்டமே கேக்குமே!”

“பின்ன சிரிக்காம? அவுகளுக்குக் கூச்சம்ட்டி.”

நான் சிரிக்கவில்லை. மூன்று கோடு விழுந்தவர்கள் வெட்டில் இறங்கக்கூடாது, அவர்கள் முகம் கூட்டத்தின் சொத்து என்று பாட்டுப் பாடிக்கொண்டு, வெறும் முகத்தோடு இத்தனை வருஷம் முன்வரிசையில் நின்றது ஞாபகம் வந்தது. சண்டை போட்டவர்களுக்கு அடையாளமில்லை. அடையாளம் உள்ளவர்கள் முள்ளுக்குப் பயந்து பஞ்சுக்குள் கிடக்கிறார்கள். இதில் யார் யாரை ஏமாற்றினார்கள் என்று யோசித்தேன். யாரும் திட்டம் போட்டு ஏமாற்றவில்லை. ஒவ்வொரு வண்டியிலும் ஒரு மனைவி, ஒரு மனிதர் சாகாமலிருக்க வழி தேடியிருக்கிறாள். அவ்வளவுதான் நடந்திருக்கிறது.

முப்பிடாதி வேப்பிலையும் உப்பும் போட்டுக் கொதித்த நீரில் குதிகாலைக் கழுவச் சொல்லித் தந்தாள். வெள்ளைத்துணியை வெயிலில் காயவைத்துக் கட்டச் சொன்னாள். “ஆளைச் சம்மதிக்க வைக்கது ஒன் பாடு” என்றாள். “அதுக்கு மருந்து என்கிட்ட கெடையாது.”

சொரிமுத்து நான் சொன்னதை முழுதாகக் கேட்டார். கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு, கூண்டின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பொய்க்கோடு போட்டுக்கிட்டு நான் சபையில உக்காரணும்.”

“உக்காந்திருக்கவன் எல்லாம் அப்பிடித்தான் உக்காந்திருக்கான்.”

“எவன் எப்பிடி உக்காந்தா எனக்கென்ன? மூணு கோடு நெசமா வாங்குனவன் நானு. நெசமாவே கீறட்டும். செத்தா வீரச்சாவு.”

“வீரச்சாவா? மூஞ்சி பூசணிக்கா மாதிரி வீங்கி, வாடையடிச்சு, நான் ஈ ஓட்டிக்கிட்டு இருக்கையில சாவிய. அதுக்கு என்ன பாட்டுப் பாடுவாவ? நானே கேட்டுச் சொல்லுதேன்.”

“வாய மூடுட்டி.”

“மூடித்தான் இருக்கு, இருவது வருசமா. வெறுமூஞ்சிக்கு ஏது வாயி? நீங்க செத்தா எனக்கு அழக்கூட உரிமை இல்ல, ஆறுதல் சொல்ல ஆளும் வராது.”

ஆறுதல் என்ற சொல்லை அவர் முன்னால் நான் அதுவரை உச்சரித்ததில்லை. அரிவாளை எடுப்பார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். பயம் தெரிந்தது. சாவைப் பற்றிய பயம் அல்ல. மூணுகோட்டார் என்ற பெயரை எடுத்துவிட்டால் உள்ளே யார் இருக்கிறார் என்று தெரியாத ஒருவரின் பயம். எனக்கு அந்தப் பயம் கிடையாது. வெறுமூஞ்சிக்கு உள்ளே இருப்பதைத் தவிர வேறு எதுவும் இல்லை.

கன்னத்தைத் தடவிக்கொண்டே அவர் கேட்டார்: “வெயில்ல உருகாதுல்லா?”

முதல் மூன்று கோடுகளையும் எல்லோர் முன்னாலும் கீறுவார்கள். நாலாம் கோட்டிலிருந்து திரை போட்ட வண்டிக்குள் கீறுவது மரபு. அது அவ்வளவு புனிதமானது என்று சொல்லி வைத்திருந்தார்கள். குதிகாலில் சீழ் வற்றத் தொடங்கியிருந்தது. முழுநிலவன்று திரைக்குள் அஞ்சுகோட்டார் ஒரு கிண்ணம் ஆட்டு ரத்தத்தோடு உட்கார்ந்து, கீறுவதற்கு ஆகும் நேரம் கழியட்டும் என்று கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். வலது கன்னத்தில் நான் வரைந்தேன். இரண்டு முறை அழித்து மறுபடி இழுத்தேன். கீறலாக இருந்திருந்தால் ஒரே இழுப்பில் முடித்திருப்பேன். வெளியே பறை அடித்தார்கள். சொரிமுத்து கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, நிஜமாகவே வலிப்பதுபோல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர் மேல் இரக்கமாக இருந்தது. பிறகுதான் சிரிப்புச் சத்தம் வேண்டுமென்று ஞாபகம் வந்து இரண்டு பேரும் ஒன்றாகச் சிரித்தோம்.

அதன்பிறகுதான் எங்கள் வீட்டுச் சண்டைகள் தொடங்கின. விடியலில் நகத்துக்குப் பதில் தூரிகை. நோகச் செய்ய வழி இல்லை. ஆகவே நான் வாயால் பேச வேண்டியிருந்தது. என் அண்ணனைப் பற்றி, உப்பைப் பற்றி, நான் வெட்டிய ஆளைப் பற்றி. வரைந்துகொண்டே சொல்வேன். முகத்தை அசைத்தால் கோடு கோணிவிடும் என்பதால் அவர் அசையாமல் கேட்டாக வேண்டும். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவர் நான் சொன்னதைக் கடைசிவரை கேட்டது அந்த விடியல்களில்தான். ஒரு நாள், வரைந்து முடித்த பிறகு, “அந்த ஆளை நீதான் வெட்டுன” என்றார். “எனக்குத் தெரியும். அப்பவே தெரியும்.”

நாலுகோட்டார் வெட்டில் இறங்காவிட்டாலும் களத்தில் நின்று படை நடத்த வேண்டும்; அந்தப் பொறுப்பு அவருக்கு வந்தது. ஒரு முள் போதும் என்று தெரிந்த மனிதர் ஆயிரம் அரிவாள்களுக்கு நடுவில் நிற்க வேண்டும். சபையில் எழுந்து, “சண்டையால என்னத்தக் கண்டோம்? பனங்காட்டாரோட பேசிப் பாப்போம்” என்றார். எனக்குத் தெரிந்தது முள்ளின் பயம். சபைக்குத் தெரிந்தது ஞானம் மட்டும்தான். இவ்வளவு கோடு வாங்கியவர் சொல்கிறார் என்றால் அதில் எவ்வளவு துணிச்சல் இருக்க வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். பனங்காட்டாரிடமிருந்து உடனே சம்மதம் வந்தது. அவ்வளவு சீக்கிரம் வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

செஞ்சுனைக் கரையில் இரண்டு கூட்டமும் நின்றன. வெயில் கொளுத்தியது. பனங்காட்டாருக்கும் இதே கோட்டு மரபுதான்; அவர்களுடைய நாலுகோட்டார் ஒல்லியான, உயரமான மனிதர். காலில் தடித்த ஆட்டுத்தோல் செருப்பு. மணலைப் பார்த்துப் பார்த்து அடி வைத்தார். அந்த நடையை எங்கே பார்த்திருக்கிறேன் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

சமாதானம் என்றால் கன்னம் ஒட்ட வேண்டும். கோட்டோடு கோடு பொருந்த, நூறு எண்ணும்வரை. யாரும் கண்ணால் கண்டதில்லை, பாட்டில்தான் கேட்டிருக்கிறோம். எனக்கு அது அந்த நொடியில்தான் உறைத்தது. சொரிமுத்துவின் கண் கூட்டத்துக்குள் என்னைத் தேடியது. நான் என்ன செய்ய முடியும்? கோடு கலைந்தால் அங்கேயே இரண்டு பக்கமும் சேர்ந்து அவரை வெட்டிப்போடும். முதல் வெட்டு போதும். அரிவாளின் பிடியை இறுக்கிக்கொண்டு, எத்தனை பேரைத் தாண்டி அவரிடம் போக வேண்டும் என்று கணக்குப் போட்டேன். அவரைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. முன்னால் நிற்க மட்டும் முடியும்.

கன்னங்கள் ஒட்டின. வேர்வை வழிந்தது. நூறு எண்ணி முடித்து விலகினார்கள்.

என் கணவரின் கன்னத்தில், நான் வரைந்த கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு இருந்தது. கருப்பாக, சற்றே மங்கலாக. அந்த மனிதரின் கன்னத்திலும் அப்படியே ஒன்று.

இரண்டு நாலுகோட்டார்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரே குற்றத்தைச் செய்தவர்கள் பார்த்துக்கொள்வதுபோல. பிறகு எங்கள் பக்கத்திலிருந்து யாரோ கத்தினான்:

“அஞ்சாவது கோடு! கீறாமலே விழுந்துட்டு!”

“எங்காளுக்கும்ல! நல்லாப் பாரு!” என்று அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது.

அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை. பறைகள் முழங்கின. அரிவாள்கள் மணலில் விழுந்தன. கத்தி படாமல் கோடு விழுந்த அதிசயத்தைப் பார்த்துப் பெரிய பெரிய ஆட்கள் அழுதார்கள். இரண்டு தலைமுறையாக நிஜமான கோடுகளால் முடியாததை, வேர்வையில் கரைந்த ஒரு பொய்க்கோடு முடித்து வைத்தது. இதைச் சொல்ல எனக்குச் சபையில் இடமில்லை என்பது நல்லதாகப் போயிற்று.

பின்வரிசையில் வெறுமூஞ்சிகளின் கூட்டத்தில் ஒருத்தி என்னை ஒட்டி வந்து நின்றாள். பனங்காட்டாள். என் வயதுதான் இருக்கும். முகம் குழந்தையின் முகம்போலத் துடைத்து வைத்திருந்தது. எதிரே பார்த்துக்கொண்டே, உதடு அசையாமல் கேட்டாள்.

“நீங்க என்ன பிசின் போடுதிய?”

“கருவேலம்பிசின்.”

“நாங்க பனைவெல்லப் பாகு. சவம், வேர்த்தா கரைஞ்சுருது.”

“ஈ மொய்க்காதா?”

“மொய்க்கும். வீரத்தோட வாசம்னு சொல்லி வச்சிருக்கோம்.”

நான் திரும்பி அவளை நன்றாகப் பார்த்தேன். “உன்ன எங்கயோ பாத்திருக்கேனே.”

“மேட்டுச் சண்டையில. என்னைத் தோள்லேருந்து இடுப்பு வரைக்கும் பொளந்தது நீதான். நல்ல கை உனக்கு.”

சேலையைத் தோளிலிருந்து சற்று ஒதுக்கிக் காட்டினாள். வழுவழுவென்ற தோல். நான் விரலால் தடவித் தேடினேன். ஒன்றுமே இல்லை.

“எங்க?”

“இங்கதான் எங்கயோ. எனக்கே மறந்துட்டு.”

இவ்வளவு காலச் சண்டையில் யாரிடமும் நான் கேட்டதில்லை, என்னிடமும் யாரும் கேட்டதில்லை.

“வலிச்சுதா?” என்றேன்.

அவள் சேலையை மேலே இழுத்துப் போட்டுக்கொண்டாள். “பின்ன வலிக்காமலா இருக்கும்?” என்றாள்.